கூட்டாளியின் சொந்த வேலை

(பள்ளிப்பட்டில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



இந்த மாதம் நூல் அறிமுகம் என் பொறுப்பு. நூலுக்குப் பதிலாக ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசட்டுமா என்று குழுவில் கேட்டேன். உடனே மூத்த தோழர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நாம படாத பாடு படறோம். வர்ற நாலு பேருக்கும் நீ கேம் ஆடச் சொல்லித் தரப்போறியா?" அவர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், தோழர். கடைசியில் நம் இயக்க வேலைக்குத்தான் வருவேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தபோது ஓர் அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். அறைத்தோழன் ஒருவனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வராது. அப்படி ஆட ஆரம்பித்ததுதான் 'மாஸ் எஃபெக்ட் 2'. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2010இல் வெளியிட்ட விண்வெளிக் கதை. திரையில் ஓடும் ஆங்கில வசனத்தை நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் ஆடினேன். என் ஆங்கிலம் கொஞ்சம் தேறியது அதனால்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது வெறுமனே சுட்டுக்கொண்டே போகும் கேம் அல்ல. ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். ஷெப்பர்ட் என்ற கப்பல் தலைவராக நாமே இருக்கிறோம். யாரிடம் என்ன பேசுவது, யாரைக் காப்பாற்றுவது என்று நாமே முடிவெடுக்கிறோம். மனிதக் குடியிருப்புகளைக் கூண்டோடு கடத்திக்கொண்டு போகும் எதிரியைத் தடுக்க வேண்டும். திரும்பி வருவோமா என்று தெரியாத போர் அது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு கூட்டாளிகளைத் தேடிச் சேர்க்கிறோம்.

சேர்த்த பிறகு ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சொந்த வேலையோடு நம்மிடம் வருகிறார்கள். ஒருவருக்கு மகன் தப்பான வழியில் போகிறான். ஒருவருக்குத் தங்கையைக் காப்பாற்ற வேண்டும். ஒருவருக்குக் காணாமல்போன அப்பாவைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. உலகமே அழியப்போகும் நேரத்தில், "கேப்டன், எனக்காக ஒரு இடத்துக்கு வர முடியுமா?" என்று வந்து நிற்கிறார்கள். போகலாம், போகாமலும் இருக்கலாம். போகவில்லையென்றால் கதை நின்றுவிடாது. ஆனால் கடைசிப் போரில் அந்தக் கூட்டாளி செத்துப்போக நேரிடும்.

அதில் டாலி என்ற பெண்ணின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டாலி குவேரியன் இனத்தைச் சேர்ந்தவள். சொந்தக் கிரகத்தை இழந்து, முந்நூறு ஆண்டுகளாகக் கப்பல்களிலேயே வாழும் மக்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு என்பதால் எப்போதும் முழு உடல் கவச உடையில் இருப்பார்கள். முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்க்க முடியாது. மற்ற இனத்தாருக்கு அவர்கள் பிச்சைக்காரர்கள், திருடர்கள். பெரிய விண்வெளி நகரம் ஒன்றில் நாம் நடந்து போகும்போது ஒரு சின்னக் காட்சி வரும். பணச் சில்லு ஒன்று காணாமல் போய்விட்டது. பக்கத்தில் நின்ற குவேரியன் பெண்தான் எடுத்திருப்பாள் என்று பறிகொடுத்தவர் குற்றம் சாட்டுகிறார். போலீஸ்காரரும் அவளைத்தான் நிற்கவைத்து விசாரிக்கிறார். தேடிப் போனால், அவர் அதை ஒரு கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். சில்லு கிடைத்த பிறகும் அவளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. 'ஜெய் பீம்' படத்துக்கு அழுத நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். அந்தச் சட்டம் போய்விட்டது. காணாமல்போன நகைக்கு முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது மாறவில்லை.

டாலியை அவள் மக்களே தேசத்துரோக வழக்கில் நிறுத்துகிறார்கள். ஆபத்தான எதிரி இயந்திரங்களைத் தங்கள் கப்பல்களுக்கு அனுப்பிவைத்தாள் என்பது குற்றச்சாட்டு. அவளுக்காகப் பேச நாம் போகிறோம். அங்கே அவள் பெயரைக் கூப்பிடும்போதுதான் முதல் அடி விழும். குவேரியன்களுக்குக் கப்பலின் பெயர் சொந்தப் பெயரோடு சேர்ந்தே இருக்கும். நீமா என்ற கப்பலைச் சேர்ந்தவளாக இருந்தவளை, விசாரணை தொடங்கும் முன்பே நம் கப்பலான நார்மண்டியைச் சேர்ந்தவள் என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். நீ எங்கள் ஆள் இல்லை என்று தீர்ப்புக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "பள்ளிப்பட்டுல எந்தப் பக்கம்?" என்று சூப்பர்வைசர் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்குப் போதாது. ஊரா, காலனியா என்று தெரிய வேண்டும்.

தடயம் தேடிப் போனால் உண்மை வேறு. தவறு செய்தவர் அவளுடைய அப்பா. சோதனைக்காக அந்த இயந்திரங்களை உயிர்ப்பித்தார், அதிலேயே செத்தும்போனார். அந்த ஆதாரத்தைக் காட்டினால் டாலி தப்பிப்பாள். அவளோ, என் அப்பாவின் பெயரைக் கெடுக்காதீர்கள், நான் நாடுகடத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று கெஞ்சுகிறாள். அவளைக் காப்பாற்ற அவள் சொல்லை மீறுவதா, அவள் சொல்லைக் கேட்டு அவளை இழப்பதா? விடியற்காலை நான்கு மணிக்கு அந்தத் திரையை நிறுத்திவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஆதாரத்தைக் காட்டாமலும் அவளை விடுவிக்க வழி உண்டு. அவளால் முன்பு உயிர் பிழைத்த சாதாரண மக்களே மன்றத்தில் எழுந்து அவளுக்காகப் பேசுவார்கள். அதற்கு நாம் அவர்களை முன்பே காப்பாற்றியிருக்க வேண்டும், போய்ப் பேசியுமிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தக் குவேரியன்கள் ஏன் அகதிகளானார்கள்? வேலை செய்ய அவர்கள் உருவாக்கிய கெத் என்ற இயந்திரங்கள் ஒருநாள், எங்களுக்கு ஆன்மா இருக்கிறதா என்று கேட்டன. கேள்வி கேட்டதற்குப் பயந்து அவற்றையெல்லாம் அழித்துவிட முயன்றார்கள். அதிலிருந்து வந்த போரில்தான் கிரகத்தை இழந்தார்கள். எல்லா இடத்திலும் மிதிபடும் இனம், தன் காலுக்குக் கீழே இருந்ததை அப்படித்தான் மிதித்திருக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நான் கல்லூரியில் படித்தேன். புரிந்தது இந்த இடத்தில்தான். பட்டியல் சாதியில் பிறந்த நாம் இருளர் குடியிருப்பைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

இன்னொரு கேமையும் சேர்த்துக்கொள்கிறேன். 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்', 2019இல் அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் செய்தது. அதில் கிரகங்களே கம்பெனிகளுக்குச் சொந்தம். முதலில் நாம் போகும் ஊரில் ஒரு மீன் டின் தொழிற்சாலை. தொழிலாளிகள் தங்கள் கல்லறைக்கே வாடகை கட்ட வேண்டும். பாக்கி வைத்தவர்களிடம் வசூலித்துக்கொண்டு வரச்சொல்லி நம்மிடமே வேலை கொடுப்பார்கள். தற்கொலை செய்துகொண்டால் கம்பெனி சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கணக்கு. என் அறைத்தோழர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. சுடுகாட்டுப் பாதைக்காக அவன் ஊரில் பிணத்தை நடுரோட்டில் வைத்து உட்கார்ந்தவர்களில் அவனும் ஒருவன்.

அந்தத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் பார்வதி நம் கூட்டாளி ஆகிறாள். ஆமாம், பெயரே பார்வதி. கூச்ச சுபாவம். வேறொரு கப்பலில் தலைமைப் பொறியாளராக இருக்கும் ஜுன்லே என்ற பெண்ணின் மேல் அவளுக்குக் காதல். பார்வதிக்கு உடல் உறவில் நாட்டம் இல்லை. அதனாலேயே முன்பு பழகியவர்கள் அவளை ஜடம் என்பதுபோல நடத்தியிருக்கிறார்கள். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள். அவளுடைய வேலை என்ன தெரியுமா? ஜுன்லேயோடு ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு நல்ல சோப்பு, ஒரு நல்ல துணி, ஜுன்லேவுக்குப் பிடித்த தின்பண்டம். இவ்வளவுதான். இதற்காக நாம் கிரகம் கிரகமாக அலைகிறோம். இந்தக் கேமில் தலைவரான நமக்குக் காதலே கிடையாது. யாரையும் நம்முடையவளாக ஆக்கிக்கொள்ள வழியில்லை. அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், நாம் விலகிப்போகிறோம். இளவரசனையும் கோகுல்ராஜையும் உடுமலைப்பேட்டை சங்கரையும் பறிகொடுத்த மாநிலத்தில் இருந்துகொண்டு அதைப் பார்த்தேன். இரண்டு பேர் பயமில்லாமல் ஒரு வேளை சாப்பிட, ஒரு கப்பலே சேர்ந்து வேலை செய்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேம்களில் தலைவர் எப்போதும் நாம்தான். கூட்டாளியின் துயரம் தீர்ந்தால் நமக்கு விசுவாசமான ஒரு போராளி கிடைக்கிறார். மாஸ் எஃபெக்டில் இந்த வேலைகளுக்கே விசுவாசப் பணி என்றுதான் பெயர். காலனி மக்களின் கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கைதட்டல் வாங்கும் சினிமா ஹீரோவுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. நாமும் யார் வீட்டுச் சாவுக்காவது போய்விட்டு வந்தால், அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு அந்த வீட்டில் எத்தனை தலை வரும் என்று எண்ணுகிறோம். எண்ணியிருக்கிறோம், இல்லையா?

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரை. அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் பேசப்படாமலே நூலானது. அதன் தொடக்கத்தில் ஒரு பழைய கதையைச் சொல்கிறார். காங்கிரஸ் மாநாடு நடக்கும் அதே பந்தலில் சமூகச் சீர்திருத்த மாநாடும் நடப்பது வழக்கமாக இருந்தது. 1895இல் புனேவில், இந்தப் பந்தலில் அதை நடத்தினால் பந்தலைக் கொளுத்துவோம் என்று மிரட்டினார்கள். சீர்திருத்த மாநாடு வேறு இடத்துக்குப் போனது. முதலில் அரசியல் விடுதலை, உங்கள் பிரச்சினை அப்புறம் என்று சொன்ன நாட்டில், எது முக்கியக் கதை, எது பக்கக் கதை என்று தீர்மானித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய இயக்கம் நம்முடையது. நாமும் அதையே செய்கிறோம் என்றுதான் சொல்ல வந்தேன்.

நம் கூட்டங்களுக்குச் சாப்பாடு செய்துதரும் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இருளர் சமூகம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, பொண்ணு காலேஜுக்கு எஸ்டி சர்டிபிகேட் கேக்கறாங்க. ஒருநாள் என்கூட ஆபீசுக்கு வரீங்களா? நீங்க நாலு பேர் வந்தா உட்காரவச்சுப் பேசுவாங்க." பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அங்கே போனால் அப்பாவின் சான்றிதழ் எங்கே, தாத்தாவின் பத்திரம் எங்கே என்பார்கள். அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்த தாத்தாவிடம் என்ன பத்திரம் இருக்கும்?

நான் சொன்ன பதில்: "ஏப்ரல் 14 முடியட்டும் அக்கா." அன்றைக்கு ஊர்வலம் நன்றாக நடந்தது. அக்காதான் சாப்பாடு. பிறகு மே தினம் வந்தது. பிறகு ஒரு கண்டன ஆர்ப்பாட்டம். அக்கா மூன்று முறை கேட்டார், நான்காவது முறை கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் நான் கும்மிடிப்பூண்டி அறையில் டாலிக்காக வழக்காடிக்கொண்டிருந்தேன். எல்லாக் கூட்டாளிகளின் வேலையையும் ஒன்றுவிடாமல் முடித்தேன். கடைசிப் போரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பெருமையாக இருந்தது.

கேமில் கூட்டாளியின் வேலை பெரும்பாலும் காத்திருக்கும். பத்து நாள் கழித்துப் போனாலும் அவள் அதே அறையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். மாஸ் எஃபெக்ட் 2இல் ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. நம் கப்பல் பணியாளர்களை எதிரி தூக்கிக்கொண்டு போன பிறகு, வேறு வேலைகளை முடித்துவிட்டுத் தாமதமாகப் போனால் அவர்கள் உயிரோடு இருக்கமாட்டார்கள். முதல் தடவை அது எனக்குத் தெரியாது. பழைய சேவ் ஃபைலைத் திறந்து சரிசெய்துகொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒப்பந்தக்காரர் கொடுத்த சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். அதில் அக்காவின் மகள் இருந்தாள். "அண்ணா, நீங்களும் இங்கதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. ஒரு சான்றிதழுக்கு நாலு பேர் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் போகவில்லை என்பது மட்டும் உறுதி.

மூத்த தோழரே, அரைமணி நேரம் ஆகிவிட்டது. முடித்துவிடுகிறேன்.

அந்தப் பெண் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். விசாரணைக்கு வரும் திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய், நாங்கள் வரலாமா என்று கேட்டேன். அக்கா மகளைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். "வாங்கண்ணா. ஆனா கொடி வேணாம், கோஷம் வேணாம். நானே பேசிக்கிறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணி, பள்ளிப்பட்டு பேருந்து நிலையம். நான்கு பேர் வேண்டும். நான் ஒருவன், மீதி மூன்று பேர் இப்போதே கை தூக்குங்கள். ஜெராக்ஸ் எடுக்க யாராவது சில்லறை கொண்டுவாருங்கள்.