மீண்டும் மாணவரான குரு



விண்ணரசைப் பற்றிக் கற்றறிந்த மறைநூல் அறிஞரை ஆண்டவர் ஒரு வீட்டுத் தலைவருக்கு ஒப்பிடுகிறார். மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த வீட்டுத் தலைவர் தம் கருவூலத்தைத் திறந்து புதியவற்றை மட்டுமல்ல, பழையவற்றையும் வெளியே எடுக்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் நமக்குத் தனிநாயகம் அடிகளாரின் நினைவு வருகிறது.

அவரைத் தமிழறிஞராக அறிவோம். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணமானவர் என்பதும் தெரியும். ஆனால் அவருடைய முதல் ஆராய்ச்சி தமிழைப் பற்றியது அல்ல. 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, உரோமையில் படித்து, 1938-இல் குருவான அவர், முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது திருச்சபை வரலாறு: புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்கள்.

சிப்ரியானும் முதலில் ஆசிரியர்தான்; பேச்சுக்கலை கற்பித்தவர். 250-இல் தெசியுஸ் பேரரசரின் வேத கலாபனையில், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை வந்தது. கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே, பலியிட்டதாகச் சான்றிதழை மட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள். (அந்தக் காலத்திலும் அது நடந்திருக்கிறது!) பிறகு மனம் நொந்து திரும்பி வந்தார்கள். சேர்ப்பதா, தள்ளுவதா? மறைந்திருந்த இடத்திலிருந்து ஆயர் தம் குருக்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இல்லாமல் தாமாக எதையும் முடிவு செய்வதில்லை என்பது அவர் ஆயரான நாளிலிருந்தே எடுத்திருந்த தீர்மானம்.

இதையெல்லாம் இலத்தீனில் கரைத்துக் குடித்த இளங்குரு, 1940-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். பிள்ளைகள் முன் நின்றபோதுதான் தம் தாய்மொழியில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்பது உறைத்தது. முனைவர் பட்டம் பெற்ற குரு, ஒரு தமிழ்ப் பண்டிதர் முன் மாணவராக உட்கார்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் முறையாகத் தமிழ் படித்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, இளைஞர்களோடு வகுப்பில் உட்கார நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர். பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து லண்டனில் இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றார். திருச்சபை வரலாறும் கல்வி வரலாறும் அவரிடம் ஒன்று சேர்ந்த இடம் பழைய அச்சுப் புத்தகங்கள். 1554-இல் லிஸ்பனில் உரோமை எழுத்தில் அச்சான தமிழ்ச் செபங்கள். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. இரண்டாவது நூல் அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்தது. பதினாறே பக்கம். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். வலை இழுத்த கைகள் கொடுத்த காசு அது! வெளிநாட்டு நூலகங்களில் கிடந்த இத்தகைய நூல்களைப் பற்றி அடிகளார் எழுதி, நமக்குத் தெரியச் செய்தார். அந்தாம் தெ புரோவென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானபோது அதை எழுதியவர் உயிரோடு இல்லை. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் பிரதியை 1966-இல் அப்படியே மறுபதிப்புச் செய்தார் நம் அடிகளார்.

இதைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறைக்கக்கூடாது. ஒரு பங்கில் புதுக் கோவில் கட்டியபோது, சக்கிறீஸ்து அறையில் செல்லரித்துக் கிடந்த செபப் புத்தகங்களையும் கையெழுத்து ஏடுகளையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். இடம் வேண்டியிருந்தது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு பாட்டி வந்து, “சாமி, எங்க அப்பா உபதேசியாரா இருந்தவரு. அவரு கையால எழுதுன பாஸ்கு ஏடு அதுக்குள்ள இருந்துச்சே” என்றார்.

கடைக்கு ஓடினோம். சரக்கு லாரியில் போய்விட்டிருந்தது.

பாட்டி கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, நினைவில் இருந்த வரிகளைச் சொல்லத் தொடங்கினார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் எழுதினாள். இரண்டு மாலைகளில் பதினோரு பக்கம் வந்தது. மீதி அவருக்கு நினைவில்லை.