சிறு சமையலறைக்கு ஒரு மின் ஓவன்



தில்லியின் கடைவீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். தள்ளுவண்டியின் மீது ஒருவர் நான்கட்டாய் சுட்டுக்கொண்டிருப்பார். தட்டின் அடியிலே கரித்தணல். அதை மூடிய மூடியின் மேலும் கரித்தணல். சில நிமிடங்களில் மாவு உருண்டைகள் மேற்புறம் வெடித்துப் பொன்னிறம் பெற்று வெளிவரும். நம் ஊர்ப் பக்கத்தில் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் கையாளும் உபாயமும் இதுவேயன்றோ? அடுப்பைத் தணித்துவிட்டு மூடியின் மேல் தணலைப் பரப்புகின்றனர். ஓவன் என்று இன்று நாம் அழைக்கும் பெட்டியும் தத்துவத்தில் இதற்கு மேற்பட்டதன்று. மேலே வெப்பக் கம்பி, கீழே வெப்பக் கம்பி, நடுவே அடைபட்ட சூடான காற்று, அவ்வளவே.

ஆயினும், இந்த எளிய பெட்டியை வாங்கப் போகும்போது நம்மில் பலர் தடுமாறிவிடுகிறோம். அவிப்பதும், கொதிக்க வைப்பதும், பொரிப்பதுமே நம் சமையலின் மூன்று தூண்கள். சுடும் அடுப்பு நமக்குப் பிறந்த வீட்டுப் பழக்கமன்று. கரோல்பாகிலோ மாட்டுங்காவிலோ குடியேறிய பின்னர், பக்கத்து வீட்டில் கேக்கும் பிஸ்கோத்தும் வேகும் மணத்தை நுகர்ந்து, குழந்தைகள் கேட்கத் தொடங்கிய பிறகே இதைப் பற்றி எண்ணுகிறோம். எனவே, அனுபவம் இல்லாத பொருளை விளம்பரத்தை நம்பி வாங்கிவிடுகிறோம். நாமும் அவ்வாறே ஏமாந்தவர்கள்தாம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

தில்லியில் வாடகை வீடொன்றின் இரண்டாம் மாடியில் குடியிருந்த காலம். தீபாவளிச் சலுகை என்ற அறிவிப்பைக் கண்டு, 45 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் சக்தியும் உடைய ஓவன் ஒன்றை வாங்கினோம். பெரியதாக வாங்கினால் என்றைக்கும் உதவும் என்பது நம் கணக்கு. அதன் பிளக்கின் முனைகள் பருமனானவை; சமையலறைச் சுவரில் இருந்ததோ சிறிய துளைகளையுடைய 6 ஆம்பியர் சாக்கெட். கடைத்தெருவில் மாற்றுப் பிளக் ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்தி, மகளின் பிறந்த நாளுக்கென்று கேக் மாவை உள்ளே வைத்தோம். இருபது நிமிடத்தில் ஒரு நெடி எழுந்தது. புதுப் பெட்டியின் வாசனை என்று நாம் அலட்சியமாக இருந்தோம். அருகே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் தாயார்தாம், “பெட்டியிலிருந்து வரவில்லை, சுவர்ப் பக்கமிருந்து அல்லவா வருகிறது” என்றார். திரும்பிப் பார்த்தால், சாக்கெட் பழுத்து இளகிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் கவனியாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ண இன்றும் மனம் கூசுகிறது.

சுவரைத் திறந்து புதுக்கம்பி போடும் செலவு நம்முடையதாயிற்று. வீட்டுக்காரரின் முகமும் மாறிற்று. அந்த ஓவன் அட்டைப் பெட்டிக்குள் புகுந்து அலமாரியின் உச்சியில் ஏறியது. இரண்டாண்டுகளுக்குப் பின் உத்தியோக மாற்றலில் கொல்கத்தா சென்றோம். அதுவும் உடன் வந்தது. அங்கே சமையல் மேடையில் அது நிற்க இடமில்லை. கடைசியில் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றோம். இந்த இழப்பிலிருந்து கற்றவற்றையே இப்பொழுது உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதற்காரியம், சமையலறைச் சுவரைப் பார்ப்பது. கணக்கு மிக எளிது. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1,380 வாட் வரும். சிறிய சாக்கெட் தாங்கக்கூடிய எல்லை அதுவே. நெடுநேரம் எரியும் சாதனத்துக்கு அந்த எல்லையை நெருங்காதிருப்பதே நலம். பெரிய சாக்கெட் 16 ஆம்பியர். அதன் எல்லை 3,680 வாட். ஆகையால் ஓவன் எந்த அளவினதாயினும், நில இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் சாக்கெட்டில் பொருத்துவதே உத்தமம். உங்கள் வீட்டில் அது இல்லையெனில், தக்க மின் பணியாளரைக் கொண்டு, பருமனான கம்பியுடன் ஒன்று அமைக்கும் செலவையும் ஓவனின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் கம்பியும் மாற்றுப் பிளக்கும் ஓவனுக்கு ஆகவே ஆகா.

இரண்டாவது, எந்த வகை என்பது. கடைகளில் மூன்று வகைகள் நம் கண்ணில் படுகின்றன. மைக்ரோவேவ் என்பது உணவிலுள்ள நீரின் அணுத்திரள்களை அலைகளால் அதிரச் செய்து சூடேற்றுவது. சோற்றையும் குழம்பையும் மீண்டும் சுடவைக்க அது சிறந்தது. ஆனால் அந்த அலைகள் மட்டும் பண்டத்தின் மேல் பொன்னிறத்தை உண்டாக்கமாட்டா. உலோகப் பாத்திரமும் அதற்கு ஆகாது. கன்வெக்ஷன் மைக்ரோவேவ் இரண்டு வேலைகளையும் செய்யும். விலையோ மிக அதிகம். ஏர் ஃபிரையர் என்பது விசிறியால் சூடான காற்றை வேகமாகச் சுழற்றும் சிறிய ஓவனே. இரண்டு பேருக்குக் கட்லெட்டும் உருளைக்கிழங்கும் செய்ய அது நன்று. கூடை சிறியதாதலால் குடும்பத்துக்கு ஒரே ஈடாகச் செய்ய இயலாது.

மூன்றாவதுதான் நாம் பரிந்துரைப்பது. ஓவன், டோஸ்டர், கிரில் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு ஓ.டி.ஜி. என்று அதை அழைக்கிறார்கள். மேலும் கீழும் கம்பிகளை உடைய எளிய பெட்டி அது. அலுமினியத் தட்டு, எவர்சில்வர் பாத்திரம், வெப்பம் தாங்கும் கண்ணாடி ஆகிய யாவும் அதற்கு ஏற்றவை. சிறிய அளவில் ஏறத்தாழ 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் தரமானதொன்று கிடைத்துவிடும்.

மூன்றாவது, அளவு. 10 லிட்டர் ஓவன் ரொட்டி வாட்டுவதற்கே சரியாகும். அதில் கேக்கின் தலை மேற்கம்பியைத் தொட்டுக் கருகும். கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீட்டுக்கு 16 முதல் 20 லிட்டர் போதும். நால்வர், ஐவர் உள்ள இல்லத்துக்கு 25 முதல் 30 லிட்டர் ஏற்றது. அதற்கு மேல் செல்வது வியாபாரம் செய்வோருக்கே உரியது. லிட்டர்க் கணக்கு சில சமயம் நம்மை ஏமாற்றும். ஆகவே, நீங்கள் பயன்படுத்தப் போகும் தட்டின் அளவில் பழைய செய்தித்தாள் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அதை ஓவனுக்குள் வைத்துப் பாருங்கள். நான்கு புறமும் ஓர் அங்குலம் இடைவெளி இருந்தால்தான் காற்று சுழன்று பண்டம் சமமாக வேகும். அவ்வாறே சமையல் மேடைக்கும் ஓர் அளவு வேண்டும். ஓவனின் வெளிப்புறமும் கடுமையாகச் சூடேறுமாதலால், பின்புறமும் பக்கங்களிலும் குறைந்தது நான்கு அங்குலமேனும் காலியிடம் விடவேண்டும்.

நான்காவதாக, கடையில் சோதிக்க வேண்டியவை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திருகு 250 டிகிரி வரை போகிறதா? மேற்கம்பி மட்டும், கீழ்க்கம்பி மட்டும், இரண்டும் சேர்ந்து என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டா? கேக்கின் அடி வெந்து மேல் வெளுத்திருக்கும்போது இந்த வசதியின் அருமை விளங்கும். நேரம் முடிந்ததும் மணி ஒலித்துத் தானே அணைகிறதா? கதவைப் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். இடுக்கின்றிப் படிய வேண்டும். உள்ளே விளக்கு இருப்பது விசேஷம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி ஊர் மாறும் நம்மைப் போன்றோர், பழுது பார்க்கும் நிலையம் பல நகரங்களிலும் உள்ளதா என்று விசாரித்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம். விசிறி, சுழலும் கம்பி முதலியன விலையை ஏற்றுபவை. முதல் ஓவனுக்கு அவை இன்றியமையாதன அல்ல.

வீட்டுக்கு வந்ததும் சன்னல்களைத் திறந்துவைத்து, வெற்று ஓவனை முழுச் சூட்டில் பதினைந்து நிமிடம் எரியவிடுங்கள். கம்பியின் மேற்பூச்சு தீய்ந்து சிறிது புகையும் நெடியும் வரும், பின்னர் நின்றுவிடும். அப்போதும் சுவரிலுள்ள சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது கையைச் சுடுமானால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு பரீட்சை. கம்பித் தட்டின்மேல் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் வாட்டுங்கள். எந்த மூலைத் துண்டு முந்திச் சிவக்கிறதோ, அந்த மூலையில் சூடு அதிகம் என்று அறியலாம். பிறகு கேக் வைக்கும்போது பாதி நேரத்துக்கு மேல் தட்டைத் திருப்பி வைத்தால் குறை நீங்கும்.

மின்சாரச் செலவு மிகுமே என்று சிலர் அஞ்சுவர். 1,200 வாட் ஓவன் இடைவிடாது 50 நிமிடம் எரிந்தால் ஒரு யூனிட் ஆகும். சூடு நிறைந்ததும் கம்பி தானே அணைந்து அணைந்து எரிவதால், உண்மையில் அதனினும் குறைவே. உங்கள் மாநிலத்தின் மின்கட்டண ரசீதை எடுத்து ஒரு யூனிட்டின் விலையைப் பாருங்கள். கடைக் கேக்கின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் கேக்குக்காக மட்டும் இப்பெட்டியை வாங்குவது வீண். நம் சமையலுக்கு அது செய்யும் ஊழியங்கள் பல. கத்தரிக்காயில் நாலைந்து இடங்களில் குத்தி, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் அரை மணிக்குச் சற்று மேலாக வைத்தால், சுட்ட கத்தரிக்காய்க் கொத்சுக்குத் தயாராகும். இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே உள்ள வீடுகளுக்கு இது பெரும் உதவி. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவ்வாறே சுடப்படும். மும்பையின் மழைக்காலத்தில் நமத்துப்போன முறுக்கையும் தட்டையையும் 100 டிகிரியில் சில நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும்.

இவை எல்லாவற்றினும் மேலானதொன்று உண்டு. வடநாட்டுக் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் உப்புச்சப்பற்றுக் கிடக்கும் துயரம் நாம் அனைவரும் அறிந்ததே. ஓவனை ஓரிரு நிமிடம் மட்டும் எரித்து அணைத்துவிடுங்கள். உள்ளே கை வைத்தால் இதமாக இருக்கும் அளவே போதும். மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவை மூடி, விளக்கு இருந்தால் அதை மட்டும் எரியவிடுங்கள். விடியற்காலையில் மாவு பொங்கி நிற்கும். தயிரும் இவ்வாறே உறையும். கம்பிகள் அணைந்துள்ளனவா என்பதை மட்டும் இருமுறை பார்த்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

கொல்கத்தாவில் நாங்கள் இரண்டாம் முறையாக வாங்கியது 19 லிட்டர், 1,200 வாட். முதலில் 16 ஆம்பியர் சாக்கெட்டை அமைத்த பின்னரே அதை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். முதல் நாள் கேக் வெந்துகொண்டிருந்தபோது, எங்கள் தாயார் நாற்காலியை நகர்த்திச் சுவரருகே போட்டு அமர்ந்து, சாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்து ஓவன் அணைந்த பிறகுதான் எழுந்தார். இப்பொழுது மார்கழி மாதத்தில் இரவுதோறும் மாவுப் பாத்திரத்தை உள்ளே வைப்பவர் அவரே.

ஆகவே நேயர்களே, முதலில் சுவர், பிறகு மேடை, அதன்பின் குடும்பத்தின் அளவு, கடைசியிலேதான் விலைச் சலுகை. இந்த வரிசை மாறாதிருந்தால், வாங்கிய பெட்டி பரணில் ஏறாது. சமையலறையிலேயே நிலைத்து நின்று பணிபுரியும்.