குடும்பப் பெயரும் குணமும்
(சீகிரியாவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு டொக்டர் என்ற வகையில் ஏதாவது பயனுள்ளதாகப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். உயர்தர இரசாயனவியலில் படித்த 'வகைப்படுத்தல்' பற்றியே பேசுகிறேன். நாம் கூடியிருக்கும் இந்த உலர் வலயத்தில் சிறுபோகத்தில் விளையும் எள்ளிலிருந்து தொடங்கலாம்.

எள்ளில் செசமின் என்றொரு சேதனச் சேர்வை உண்டு. அது இலிக்னான் குடும்பத்தைச் சேர்ந்தது. 1936 இல் ஹாவேர்த் என்ற இரசாயனவியலாளர் இட்ட பெயர் இது. ஒரு பென்சீன் வளையமும் மூன்று காபன் கொண்ட வாலும் சேர்ந்தால் ஓர் அலகு. அப்படி இரண்டு அலகுகள் வால்களின் நடுக் காபன்களால் இணைந்தால் இலிக்னான். வேறு இடத்தில் இணைந்தால் நியோலிக்னான்.

இப்போது ஓர் இலிக்னானின் வளையத்தில் ஓர் ஐதரசனை அகற்றிப் புரோமீனை வைத்தால், அதை எங்கே சேர்ப்பது? புரோமீன் அணு ஐதரசனைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு பாரமானது. ஆனாலும் எலும்புக்கூடு மாறவில்லை. எனவே அது இலிக்னான் வழிவந்ததே; கூடவே 'ஏரைல் புரோமைட்டு' என்ற இன்னொரு பெயரும் அதற்குச் சேரும். நாங்கள் மணமாகி வேறு பெயர் பெற்றாலும் இப்பாடசாலையின் பிள்ளைகள் என்பது மாறாததுபோல!

ஆனால் குடும்பப் பெயர் குணத்தைச் சொல்லாது. இமயமலைச் செடியொன்றிலுள்ள பொடோபிலோடொக்சினும் இலிக்னானே. அது கலப்பிரிவைத் தடுக்கும் கடும் நஞ்சு. அதன் மூலக்கூறில் சில மாற்றங்கள் செய்து, ஒரு வெல்லப் பகுதியையும் பொருத்தி எட்டொபொசைட் என்ற மருந்தை ஆக்கினார்கள். 1983 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அது நுரையீரல், விதைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. மூல நஞ்சு கலத்தின் நுண்குழாய்களைத் தாக்கும், மருந்தோ டீ.என்.ஏ. முறுக்கை அவிழ்க்கும் நொதியத்தைத் தாக்கும். எலும்புக்கூடு ஒன்று, வேலை வேறு.

இதை ஏன் சொல்கிறேன்? சிகிச்சை பெறும் தாய்மார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "டொக்டர், எள்ளிலும் இந்த மருந்தின்ர இனம் இருக்காம். ஊசியை விட்டிட்டு எள்ளுருண்டை சாப்பிட்டால் காணாதோ?" காணாது, அம்மா. இனம் ஒன்றானாலும் எள் உணவுதான். விரும்பிச் சாப்பிடுங்கள், சிகிச்சையை மட்டும் நிறுத்தாதீர்கள். இடையில் நிறுத்தினால் அடக்கி வைத்த நோய் மீண்டும் தலைதூக்கக் கூடும்.

சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் "இந்த விதையில் புற்றுநோய் மருந்து இருக்கிறது" என்ற செய்தி உங்கள் கைபேசிக்கு வரும். அதை மற்றவருக்கு அனுப்பமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சேர்வை? எவ்வளவு அளவு? சோதித்தது மனிதரிலா, ஆய்வுகூடக் குடுவையிலா?

போத்தலைத் திறக்குமுன் பெயர்ச்சீட்டை இருமுறை வாசிக்கும் பழக்கம் எங்களுக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வந்தது. நூறு ஆண்டு கண்ட எம் பாடசாலையின் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை வீட்டிலும் கைவிடாதிருக்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.