"போதும்" என்று சொல்ல வேண்டியவர் யார்?



விளையாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். "வெளியே வா" என்றால் வர மறுக்கிற நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

2019 பிப்ரவரி 24, லண்டன் வெம்ப்ளி மைதானம். லீக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, கோல் விழவில்லை. செல்சி அணியின் கோல்கீப்பர் கெப்பாவுக்கு தசைப்பிடிப்பு. பயிற்சியாளர் சாரி மாற்று ஆளைத் தயாராக நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறார். கெப்பா விரலை ஆட்டி, "வரமாட்டேன்" என்கிறார். கடைசிவரை வரவே இல்லை! பெனால்டியில் மான்செஸ்டர் சிட்டி 4-3 என்று ஜெயித்தது. ஏதோ தவறாகப் புரிந்துகொண்டோம் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். கிளப் ஒரு வாரச் சம்பளத்தை அபராதமாகப் பிடித்தது.

சரி, ஆட்டக்காரர் கெஞ்சினார் என்று விட்டுக்கொடுத்தால்? 2015 நவம்பர் 1, நியூயார்க். பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். மெட்ஸ் அணியின் மேட் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் பந்து வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மெட்ஸ் 2-0 என்று முன்னிலை. மேனேஜர் டெரி காலின்ஸ் ஆளை மாற்றப் பார்த்தார். ஹார்வி விடவில்லை, "நானே முடிக்கிறேன்" என்று நின்றார். காலின்ஸ் மனம் இரங்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோர் சமமானது. 12-வது இன்னிங்ஸில் கன்சாஸ் சிட்டி 7-2 என்று ஜெயித்துக் கோப்பையையே கொண்டுபோய்விட்டது.

இவை இரண்டிலும் போனது கோப்பைதான். 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் ஆல்வாரோ பெரெய்ரா, இங்கிலாந்து வீரரின் முழங்கால் தலையில் பட்டு நினைவிழந்து விழுந்தார். எழுந்ததும், மாற்றச் சொன்ன டாக்டரையே தடுத்துவிட்டு மறுபடி ஆடப் போனார். அங்கே பணயம் வைக்கப்பட்டது உயிர்.

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2002-ல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையோடு 14 ஓவர் வீசி லாராவை அவுட்டாக்கினாரே அனில் கும்ப்ளே, அவரும் நம்மைப் போல் ஒரு இன்ஜினியர்தான். எல்லோரும் கைதட்டினோம். ஆனால் தாடை உடைந்தாலும் யோசிக்கிற மூளை நன்றாக இருந்தது. தலையில் அடிபட்டால் கதை வேறு. "நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று தீர்ப்புச் சொல்கிற மூளைக்கே அடி!

ஓவர்லோட் ரிலே என்ன செய்கிறது? மோட்டாரைக் கேட்டுக்கொண்டா டிரிப் ஆகிறது? கரன்ட் எவ்வளவு போகலாம் என்று முன்கூட்டியே செட் செய்து வைக்கிறோம்; தாண்டினால் நிறுத்திவிடும். கிரிக்கெட்டும் அந்த வழிக்கு வந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவருக்கு மாற்று ஆள் என்ற விதி 2019 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தது. முடிவு அணி மருத்துவர் கையில். அதே மாதம் லார்ட்ஸில் ஆர்ச்சர் பந்து கழுத்தில் பட்ட ஸ்மித், 80-ல் வெளியேறித் திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலை டாக்டர் நிறுத்திவிட்டார். மாற்றாக வந்த லபுஷேன் 59 அடித்தார். ஆட்டம் டிரா!

இங்கே பெற்றோர்கள் இருக்கிறீர்கள், டீம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். எப்போது வெளியே எடுப்போம், யார் முடிவு செய்வார் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பெரிய ஆட்டக்காரனுக்கும் அதே விதிதான். சொன்னதும் பேசாமல் வெளியே வருகிற பையனுக்கு, சிக்ஸர் அடித்தவனுக்குத் தட்டுவதைவிட ஒரு கை அதிகமாகத் தட்டுங்கள்.