ஃபோஸ்டெம் போறீங்களா? பேச்சை வச்சு இல்ல, அறையை வச்சு பிளான் பண்ணுங்க

சமீபமா அடிக்கடி வர்ற கேள்வி இது: "முதல் தடவையா ஃபோஸ்டெம் போறேன். ஷெட்யூலைத் திறந்தாலே தலை சுத்துது. எதுக்குப் போறது, எதை விடறது?"

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஃபோஸ்டெம், ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களுக்கான மாநாடு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறு. பிரஸ்ஸல்ஸ்ல, யூஎல்பி பல்கலைக்கழகத்தோட சோல்பாஷ் வளாகத்துல நடக்கும். டிக்கெட் கிடையாது, ரிஜிஸ்ட்ரேஷன்கூட கிடையாது. ஆனா சென்னையிலிருந்து போறவங்களுக்கு அது இலவசமா என்ன? ஷெங்கன் விசா, ஃப்ளைட், தங்கற செலவு, ஆபீஸ்ல கெஞ்சி வாங்கின லீவு... இவ்வளவும் ரெண்டே நாளுக்கு.

ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாததால எந்த அறைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஜான்சன் அரங்கத்துல ஆயிரத்துக்கு மேல உட்காரலாம். ஆனா 'டெவ்ரூம்'னு சொல்ற பல அறைகள் சாதாரண காலேஜ் கிளாஸ்ரூம்தான். நிறைஞ்சதும் கதவுல 'ஃபுல்'னு பேப்பர் ஒட்டிடுவாங்க. அதுக்கப்புறம் யாராவது வெளிய வந்தாத்தான் நீங்க உள்ள போக முடியும்.

பதினோரு மணிக்கு ஹெச் கட்டிடத்துல ஒண்ணு, பதினொன்றரைக்கு கே கட்டிடத்துல ஒண்ணுன்னு கேலண்டர்ல அழகா கலர் பூசி வைப்போம். அது பேப்பர்ல மட்டும்தான் நடக்கும். நடுவுல இருக்கிற அஞ்சு நிமிஷம் கூட்டத்தை விலக்கிட்டு நடக்கவே பத்தாது. நிஜமாவே நேர்ல கேட்டே ஆகணும்னு ஒரு பேச்சு இருந்தா, அதுக்கு முந்தின பேச்சுக்கே போய் அதே அறையில உட்கார்ந்திடுங்க. மதிய சாப்பாட்டுக்குன்னு பொது இடைவேளையும் இல்ல, அதை நீங்களே ஒதுக்கிக்கணும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம்னு தோணுது. டெவ்ரூம் பேச்சுகள் நேரலையில போகும், பிறகு வீடியோவும் வரும். அதை அம்பத்தூர்ல பஸ்ல உட்கார்ந்துகூட பார்க்கலாம். அதுக்காக அவ்வளவு தூரம் போய் வரிசையில நிக்கணுமா? ரெக்கார்ட் ஆகாததுக்குத்தான் உங்க நேரம் போகணும். புராஜெக்டுகளோட ஸ்டால்ல கோடு எழுதினவங்களே நிப்பாங்க. 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்'னு ஒரே ஆர்வம் உள்ளவங்க கூடிப் பேசற சந்திப்புகளும் இருக்கு, அதுக்குத் தனி அறையே உண்டு.

நீங்க ரெண்டு வருஷமா பேட்ச் அனுப்பற புராஜெக்டோட மெயின்டெய்னர் அங்க வர்றார்னு வச்சுக்கோங்க. அங்க போய் தேடிக்கலாம்னு விடாதீங்க, அந்தக் கூட்டத்துல கண்டுபிடிக்கிறது கஷ்டம். ரெண்டு வாரம் முன்னாடியே மெயில் போடுங்க: "சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க ஸ்டாலுக்கு வரேன், பதினஞ்சு நிமிஷம் கிடைக்குமா? தேங்கி நிக்கிற என் பேட்ச் பத்திப் பேசணும்." கூச்சமா இருக்கா? ரிவ்யூவுக்குக் காத்துக் கிடக்கறதை விட இது ஈஸி. ஷெட்யூல்ல முதல்ல அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை எழுதிட்டு, பேச்சுகளை அதைச் சுத்தி அடுக்குங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு போதும்.

ஆண்ட்ராய்டுல 'ஃபோஸ்டெம் கம்பானியன்'னு ஒரு ஆப் இருக்கு. பேச்சுகளை அதுல குறிச்சு வச்சுக்கலாம். அப்புறம் பவர் பேங்க், ஒரு நல்ல ஜாக்கெட். பிப்ரவரி பிரஸ்ஸல்ஸ் குளிர் நம்ம மார்கழி மாதிரி இருக்காது.