வெங்காயத்தில் இல்லாத புள்ளி



பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சிவப்பு வட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1979. வெங்காய வேர் நுனியை நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரெகார்டில் படம் வரைய வேண்டும். அசிட்டோகார்மைன் போட்டால் குரோமோசோம் சிவக்கும். அதை இழுக்கும் கதிர்கோல் இழைகள் சரியாகத் தெரியாது. நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே! கைடைப் பார்த்து இழைகளைப் போட்டு, இரு முனையிலும் சென்ட்ரியோல் புள்ளியும் வைத்துவிட்டேன். சார் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "இதை வெங்காயத்துல எங்கப்பா பார்த்தே?" என்றார். விலங்கு செல்லின் புள்ளியைத் தாவரத்தில் ஒட்டியிருந்தேன். வகுப்பே சிரித்தது. "அப்போ இழை எங்கேருந்து சார் கிளம்புது?" என்றேன். "தெரியலைப்பா. நீ கண்டுபிடிச்சுச் சொல்லு."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இழை என்று நாம் வரைவது நுண்குழாய். 25 நானோமீட்டர் விட்டம். டியூபுலின் என்ற புரதம் செங்கல் மாதிரி, பெரும்பாலும் 13 வரிசையாக அடுக்கியிருக்கும். அது நிலையான கம்பி அல்ல. வளர்ந்துகொண்டே இருக்கும் குழாய் திடீரென்று சரியும், மறுபடி வளரும் என்று 1984-இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் காட்டினார்கள். இப்படிப்பட்ட செங்கல்லை எங்கே, எப்போது அடுக்குவது? மேஸ்திரி வேண்டுமே!

1989-இல் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் காமா டியூபுலின் அகப்பட்டது. இது மற்றப் புரதங்களோடு வளையமாகச் சேர்ந்து, குழாயின் முதல் அடுக்குக்கு அச்சாக இருக்கிறது. விலங்கு செல்லில் இந்த வளையங்கள் பெரும்பாலும் சென்ட்ரோசோமில் குவிந்திருக்கும்.

மறுவருடம் அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸோடு சார் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "பூஞ்சையில இருக்கு, சரி. வெங்காயத்துல பார்த்தியா?" என்றார்.

பிறகு தாவரங்களிலும் பார்த்தார்கள். அங்கே வளையங்கள் ஒரே இடத்தில் இல்லை. உட்கருவின் மேற்பரப்பிலும், பழைய குழாய்களின் பக்கவாட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. பக்கவாட்டில் கொண்டுபோய் ஒட்டுவது ஆக்மின் என்ற புரதக் கூட்டம். 2008-இல் பழ ஈயின் செல்களில் தெரிந்தது, பின்னர் தாவரங்களிலும். ஒட்டிய இடத்தில் புதுக் குழாய் கிளைக்கும். வேண்டாத இடத்தில் வெட்டிவிட கட்டானின் இருக்கிறது; ஜப்பானிய வாளின் பெயரை வைத்திருக்கிறார்கள். இழைகளை முனைகளில் சேர்த்துக் கட்ட கைனசின்கள். ஒரு புள்ளியும் வேண்டியதில்லை.

ஆக்மின் செய்தி வந்தபோது சொல்வதற்குச் சார் இல்லை.

அந்த ரெகார்டு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். துறை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். சிவப்பு வட்டம் இன்னும் மங்கவில்லை.