கல்லூரி வாயிலும் கல்லூரி வாழ்வும்

(உயர்கல்வியில் சேரும் மாணவ மாணவியருக்கான வரவேற்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில் புதிய மாணவர்களை வரவேற்றுப் பேசும் வாய்ப்பை எனக்கு அளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். நான் கல்லூரிப் பேராசிரியன் அல்லன். அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். பிள்ளைகளைக் கல்லூரி வாயில்வரை கொண்டுபோய் விடுவது என் பணி. வாயிலுக்குள் நுழைந்த பின்னர் அவர்கள் எவ்வாறு இருக்கிறார்கள் என்பதை, விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிகிறேன். அவ்வாறு கேட்டவற்றுள் ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

"கல்லூரி எப்படியப்பா இருக்கிறது?" என்று நான் வினவினால், நம் பிள்ளைகளுள் பலர், "போய் வருகிறேன், ஐயா" என்றே விடை பகர்கின்றனர். உண்மையும் அதுதான். காலையில் வகுப்புக்குப் போகின்றனர்; மணி அடித்ததும் விடுதிக்கோ ஊர்ப் பேருந்துக்கோ விரைகின்றனர். மூன்றாண்டு கழித்துப் பட்டத்தோடு வருகிற மாணவனிடம், "உங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் என்ன பேசினாய்? நூலகத்தில் எந்த நூலை எடுத்துப் படித்தாய்? எந்த ஆசிரியருக்கு உன் பெயர் தெரியும்?" என்று கேட்டால் தலை குனிகிறான். விருந்தாளியாக நுழைந்தவன் விருந்தாளியாகவே வெளியேறியிருக்கிறான். செல்வங்களே, நீங்கள் அவ்வாறு இருந்துவிடலாகாது. கல்லூரிக்குப் போய் வருகிறவர்களாக அல்லாமல், கல்லூரியில் வாழ்கிறவர்களாக நீங்கள் விளங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதனை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு 37 ஆண்டுகளுக்குப் பின்னர், 1894ஆம் ஆண்டில்தான் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் குழந்தைகளுக்கெனத் தம் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அம்முயற்சிகளுக்குப் பின்னே பண்டிதர் அயோத்திதாசர் போன்றோரின் உழைப்பு நின்றது. ஒருபுறம் பட்டதாரிகள் உருவாகிக்கொண்டிருக்க, மறுபுறம் நம் பாட்டன்மாருக்கு அரிச்சுவடியே எட்டாத பொருளாக இருந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1929ஆம் ஆண்டில். அந்தப் பள்ளியிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தொலைவு நடந்து கடக்கக்கூடியதுதான். ஆனால் நம் மக்கள் அத்தொலைவைக் கடக்க எத்தனை தலைமுறை உழைக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு பாடுபட்டு அடைந்த இடத்தில் ஒதுங்கி நிற்பது முறையாகுமா?

ஒதுங்கி நிற்கும்படி பிறர் செய்தபோதும் ஒதுங்காதிருந்தவர் தாட்சாயணி வேலாயுதன் அம்மையார். கொச்சி நாட்டில் 1912ஆம் ஆண்டு பிறந்த அவர், எர்ணாகுளத்தில் வேதியியல் பயின்றார். ஆய்வுக் கூடத்தில் உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளை அருகில் வைத்துக் காட்ட மறுத்தார். தொலைவில் நின்று பார்த்தே அம்மையார் அவற்றைக் கற்றுக்கொண்டார்; 1935ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார். நம் நாட்டில் பட்டம் பெற்ற முதல் ஒடுக்கப்பட்ட சமுதாயப் பெண்மணி என அவர் போற்றப்படுகிறார். பின்னர் சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி முடித்தார். இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அன்று அவர் எட்ட நின்று கற்க நேர்ந்தது. இன்று உங்களை எட்ட நிற்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நீங்களாக எட்ட நின்றுவிடாதீர்கள்.

அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தையும் நினைவூட்டுகிறேன். அவர் நூலகத்தில் நெடுநேரம் இருந்து படித்தார் என்பதை எல்லோரும் சொல்கிறோம்; அவர் அவையில் எழுந்து பேசினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின என்பது பற்றித் தம் ஆய்வுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. பேராசிரியர்களும் சக மாணவர்களும் கூடிய அவையில் தம் கருத்தைத் துணிந்து வைத்த அந்த இளைஞரே, பின்னர் நாட்டின் அரசியல் சட்டத்தை வகுக்கும் அவையில் நின்று வினாக்கள் அனைத்துக்கும் விடையளித்தார். 1946ஆம் ஆண்டு பம்பாயில் அவர் தோற்றுவித்த சித்தார்த்தா கல்லூரியில் மாணவர் பாராளுமன்றம் என்ற அமைப்பு இயங்கியது. அண்ணலே அங்கு வந்து உரையாற்றினார். பாடம் படிப்பது மட்டுமே கல்லூரிக் கல்வி என்று அவர் கருதியிருந்தால், மாணவர்க்கு அத்தகைய அவை எதற்கு?

இனி, நீங்கள் செய்யவேண்டுவன சிலவற்றைக் கூறுகிறேன்.

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே நூலக உறுப்பினர் அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். பாடநூலுக்கு வெளியே மாதம் ஒரு நூலேனும் எடுத்துப் படியுங்கள். சென்னையில் பயில்வோர்க்கு 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் உள்ளன. மதுரைப் பக்கம் பயில்வோர்க்கு 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உள்ளது. அங்கெல்லாம் உட்கார்ந்து படிக்க எவரும் உங்கள் குலத்தையோ கோத்திரத்தையோ கேட்பதில்லை.

அடுத்து, ஏதேனும் ஒரு மன்றத்தில் சேருங்கள். தமிழ் மன்றம், துறை மன்றம், நுண்கலை மன்றம், விளையாட்டு என எதுவாயினும் சரி. "எனக்கு ஆங்கிலம் வராது, ஐயா; எழுந்தால் சிரிப்பார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. முதல் வினாவைத் தமிழிலேயே கேளுங்கள். இரண்டாம் வினாவில் கூச்சம் பாதி குறைந்திருக்கும். அன்றாடம் ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தை வாய்விட்டுப் படித்து வாருங்கள். ஓராண்டில் நாக்கு பழகிவிடும். பேசப் பழகாதவன் நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறான். பாடம் தெரிந்திருந்தும் வேலையை இழக்கிறான். மேலும், பல பல்கலைக்கழகங்களில் 100 மதிப்பெண்ணுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு உரியது. வகுப்பில் வினா எழுப்பும் மாணவனை ஆசிரியர் அறிவார். கடைசி வரிசையில் மௌனமாக இருப்பவனை அறிய அவருக்கு வழியேது?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு காந்தியடிகள் நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஈராண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் விதி. ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே மண்வெட்டியைக் கைமாற்றி வேலை செய்யும் அந்த ஏழு நாள்களில் கிடைக்கும் தோழமை, வகுப்பறையில் எளிதில் கிடைப்பதன்று. உடல் உரம் உடையவர்கள் தேசிய மாணவர் படையில் சேருங்கள். 'சி' சான்றிதழை உரிய தரத்தோடு பெறும் பட்டதாரிகள், எழுத்துத் தேர்வின்றியே தரைப்படை அதிகாரிப் பணிக்கான தெரிவுக்குச் செல்லத் தனி வழி உண்டு. இச்செய்தி நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தகைய செய்திகள் மன்றங்களிலும் முகாம்களிலும் காதோடு காதாகப் பரவுகின்றன. அங்கு இல்லாதவனுக்கு அவை எட்டுவதில்லை.

இப்போது சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பமிட ஆதிதிராவிட மாணவர்கள் வரவேண்டும் என்று படிப்பார்கள். அவ்வேளையில் எழுந்து நிற்கக் கூசி, உதவித்தொகையையே வேண்டாமென்று இருந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அந்தச் சுற்றறிக்கையைப் படித்த நாளிலிருந்து மன்றத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. செல்வங்களே, அந்த உதவித்தொகையின் வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டில், அவருடைய முயற்சியால் பிறந்தது அது. அது பிச்சையன்று, நூற்றாண்டுகளாக நமக்கு மறுக்கப்பட்டதற்கு நாடு செலுத்தும் கடன். பெயர் அழைக்கப்பட்டால் நிமிர்ந்து எழுந்து செல்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். கடைசி நாள்வரை காத்திராதீர்கள்.

விடுதியில் தங்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு விடுதிகளுக்குச் சமூக நீதி விடுதிகள் என 2025ஆம் ஆண்டில் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறினால் போதாது. உள்ளே இருக்கும் மாணவர் வாழ்வும் உயரவேண்டும். இரவு ஒரு மணி நேரமேனும் கூடிப் படியுங்கள். உணவிலோ குடிநீரிலோ குறை இருந்தால், கூச்சலிடாமல் எழுத்து மூலம் முறையிடுங்கள். மனு எழுதி, கையொப்பம் பெற்று, நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வாழ்நாள் முழுதும் உதவும்.

நட்பைப் பற்றியும் கூறவேண்டும். நம்மவர் நம்மவரோடு மட்டும் பழகுவது பாதுகாப்புப் போலத் தோன்றும். நாளடைவில் அது நாமே எழுப்பிய சேரியாகிவிடும். கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டும் வழக்கம் பள்ளிகளில் விளைத்த கேட்டை நான் அறிவேன். 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின், நீதியரசர் சந்துரு குழு 2024ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில் அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. பிறர் கட்டுகிறார்கள் என்று நீங்களும் கட்டாதீர்கள். எல்லாச் சமுதாயத்து நல்லவர்களோடும் தோழமை கொள்ளுங்கள். ஆனால் இழிவு செய்வோர் முன் பணியாதீர்கள். ராகிங் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. சாதியின் பெயரால் இழிவு செய்வோர்க்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ரோகித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவரை நாடு இழந்தது. அத்துயரம் நமக்கு உணர்த்துவது இதுதான்: மனத்தில் பாரம் ஏறும்போது எந்தப் பிள்ளையும் தனியே இருக்கலாகாது. ஆசிரியரிடம் சொல்லுங்கள், தோழரிடம் சொல்லுங்கள், எங்களிடம் வந்து சொல்லுங்கள். உயிரை விடப் பட்டம் பெரிதன்று.

பெற்றோர்களே, மாலையில் மகள் கூட்டத்துக்கு நின்றுவிட்டு வந்தால் அஞ்சாதீர்கள். பாதுகாப்பைப் பற்றி விசாரியுங்கள். போகாதே என்று தடுக்காதீர்கள். நம் சமுதாயத்தின் அன்னை மீனாம்பாள் சிவராஜ் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் உறுப்பினராக இருந்தவர். அவையில் அமரும் பெண்மணி ஒருநாளில் உருவாவதில்லை. விடுமுறை நாளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறியும், கட்டட வேலை செய்தும் படிக்கும் பையன்களையும் நான் அறிவேன். அவர்களுக்கு எல்லா மன்றத்துக்கும் நேரமிராது. அவர்கள் வாரத்துக்கு ஒருமணி நேரம் ஏதேனும் ஒன்றில் பங்குபெற்றாலே போதும். ஆனால் 75 விழுக்காடு வருகைப் பதிவை மட்டும் எக்காரணத்தாலும் இழந்துவிடாதீர்கள்.

இறுதியாக நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்த 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் பாடுபட்டீர்கள். இனி, சேர்ந்த பிள்ளைகளுக்குத் துணை நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு புதிய மாணவனுக்கும் மாணவிக்கும், அதே கல்லூரியிலோ அதே நகரிலோ பயின்ற மூத்தவர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். முதல் மாதத்தில் அவர் நூலகத்தையும் அலுவலகத்தையும் மன்றத்தையும் நேரில் அழைத்துச் சென்று காட்டட்டும். இதற்குப் பணம் தேவையில்லை. இவ்வவையில் அமர்ந்துள்ள பட்டதாரிகள் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால் போதும். என் பங்குக்கு, என் பள்ளியிலிருந்து இவ்வாண்டு கல்லூரி செல்வோர் பட்டியலை இம்மாத இறுதிக்குள் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, அடுத்த விடுமுறையில் நீங்கள் என்னைக் காண வரும்போது, எந்த அவையில் பேசினீர்கள், எந்த நூலைப் படித்தீர்கள், யாரை நண்பராகப் பெற்றீர்கள் என்று கேட்பேன். விடையோடு வாருங்கள். உங்கள் கல்வி சிறக்க, உங்களால் நம் சமுதாயம் தலைநிமிர, உளமார வாழ்த்தி விடைபெறுகிறேன்.